காகம் வராத திதிகள்

கிள்ளான் காகங்கள் எங்கள் ஊர்க் காகங்கள் என்று நாங்கள் நம்பினோம். அப்பா சொன்ன கதை அது. வெள்ளைக்காரர்கள் மலாய் நாட்டின் இந்தப் பகுதியில் கோப்பி பயிரிட்ட காலத்தில் செடிகளைப் புழு அரித்ததாம். அந்தப் புழுவைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காகங்களைக் கூண்டில் அடைத்துக் கப்பலேற்றி வந்து இங்கே திறந்துவிட்டார்களாம். கோப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காகங்கள் மட்டும் திரும்பிப் போகவில்லை. கணக்கெழுதவும் ரயில் நிலையங்களில் சீட்டுக் கொடுக்கவும் அதே தீவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த எங்களுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிற்காலத்தில் நான் படித்துப் பார்த்தபோது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

அதனோடு ஒட்டி இன்னொரு நம்பிக்கையும் எங்கள் வீட்டில் இருந்தது. அது அம்மாவுடையது. இறந்தவர்கள் காகமாக வந்து சோறு எடுப்பார்கள். எடுக்க ஒரு காகமும் வராவிட்டால், யாருக்காகச் சோறு வைத்தோமோ அவர் இன்னும் இறக்கவில்லை. முதற்பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது பகுதியை எந்தச் சமய நூலிலும் நான் கண்டதில்லை. காகம் வராவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்றுதான் மற்ற வீடுகளில் சொல்வார்கள். அம்மா அதை வேறு விதமாக வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டது அவருடைய தம்பிக்காக.

அம்மா இந்த நாட்டுக்கு மணப்பெண்ணாக வந்தவர். அப்பா இங்கேயே பிறந்தவர், ஆனால் பெண் எடுப்பதற்கு மட்டும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த காலம் அது. கிள்ளானில் இறங்கிய முதல் வாரத்தில் தனக்குத் தெரிந்த ஒன்றையும் தான் காணவில்லை என்று அம்மா சொல்வார். மழை வேறு மாதிரிப் பெய்தது. மீன் வேறு மணம் மணத்தது. எதிர்வீட்டுத் தமிழே பாதிதான் விளங்கியது. ஒரு காலையில் சமையலறைக்குப் பின்னால் இருந்த மதிலில், கழுத்தில் சாம்பல் பூசியதுபோல ஒரு காகம் வந்து உட்கார்ந்து தலையைச் சரித்து அவரைப் பார்த்தது.

"எங்கட கிணத்தடியில நிக்கிற மாதிரியே நிண்டுது. 'நீயும் இஞ்சையோ வந்தனீ?' எண்டு கேட்டன்," என்பார் அம்மா.

அன்றிலிருந்து சோறு வடித்ததும் முதற்பிடி அந்த மதிலுக்குப் போனது.

மாமா, அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி, எங்கள் வீட்டுக்கு ஒரு முறைதான் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவர் விடுமுறை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க வந்திருந்தார். மெலிந்த மனிதர். அப்பாவின் சாரத்தைக் கட்டினால் இடுப்பில் இரண்டு சுற்று வரும். சின்ன வயதில் ஊரில் காகம் கூப்பிடுவதில் அவர் பேர்போனவராம். விரத நாட்களில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் நின்று கத்துவார்களாம், காகங்களெல்லாம் மாமா நிற்கும் வேலிக்கே வருமாம். அயல்வீட்டார் அவரை இரவல் கேட்டுக் கூட்டிப்போவார்களாம். இதை நாங்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும் மாமா மதிலடிக்குப் போய் ஒரு கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். கா என்று நாங்கள் எழுதும் சத்தம் அல்ல அது. தொண்டையின் அடியிலிருந்து, சற்றே உடைந்து, கேள்வி கேட்பதுபோல முடியும் ஒரு சத்தம். சாலையோரத்து அங்சானா மரங்களிலிருந்து காகங்கள் வந்து மதில் நிறைய உட்கார்ந்தன.

"பாத்தியே அக்கா, இதுகள் இன்னும் எங்கட பாசை மறக்கேல்லை," என்றார் மாமா.

அம்மா அன்று சிரித்ததுபோல் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. புறப்படும்போது, அடுத்த முறை வந்தால் எனக்கும் கூப்பிடக் கற்றுத்தருவதாக மாமா சொல்லிப்போனார். கப்பலா விமானமா என்றுகூட அப்போதே இருவரும் வழக்காடினார்கள். அடுத்த முறை உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அப்பா நகரசபையில் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்தார். கொசுவுக்குப் புகை அடிப்பது, சந்தையில் எலி பிடிப்பது, உணவுக்கடைகளின் பின்புறத்தைப் பார்ப்பது, பிறகு காகம். அவர் சோதனைக்குப் போகும் கடைகளில் ஒரு கோப்பி குடிக்க மாட்டார். அலுவலகப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மறுநாள் அதை முதல் வேலையாகத் திருப்பி வைப்பார். அரசாங்கத்தில் இருந்து வரும் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் இரவுச் சாப்பாட்டு மேசையில் மலாயிலிருந்து தமிழில் சொல்லிக்காட்டுவது அவருடைய வழக்கம். எங்களுக்கு விளங்கினால் ஊருக்கும் விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

காகங்கள் பெருகிவிட்டன. குப்பைத்தொட்டிகளைக் கிளறின, பள்ளிப்பிள்ளைகளின் கையிலிருந்து ரொட்டியைப் பறித்தன, குஞ்சு பொரித்த காலத்தில் மரத்தடியில் நடப்பவர்களின் தலையில் கொத்தின. ஆகவே அரசாங்கத்துக்கு ஒரு கொள்கை தேவைப்பட்டது. கிளைகளை வெட்டிக் கூடுகளை இறக்குவது, தொட்டிகளுக்கு மூடி போடுவது, முறைப்பாடு வந்த சாலைகளில் விடியற்காலையில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடுவது. எந்தச் சாலைக்கு எப்போது போவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது.

"இந்த நாட்டுக்கு உரித்தில்லாத பறவை எண்டு போட்டிருக்கு," என்றார் அப்பா அன்றைய சுற்றறிக்கையைப் பார்த்து.

"கொண்டுவந்ததே கவர்மெண்ட் தானே?" என்றார் அம்மா, சோறு போட்டுக்கொண்டே.

"அது அந்தக் கவர்மெண்ட். இது இந்தக் கவர்மெண்ட்."

"அப்ப நாங்கள்?"

"எங்களிட்டை நீல ஐ.சி. இருக்கு. காகத்திட்டை இல்லை."

"என்னட்டைச் சிவப்புத்தானே கிடக்கு. என்னை எப்ப சுடப்போறியள்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறிவிட்டது. குடியுரிமை பெற்றவர்களுக்கு நீல அடையாள அட்டை, தங்கியிருக்க மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. அம்மா எத்தனையோ வருடம் கழித்தும் சிவப்பு அட்டைதான் வைத்திருந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்து அப்பாவின் முதுகைத் தடவிவிட்டு, மறுநாள் காலையும் அவர் மதிலில் சோறு வைத்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை. அந்தக் கொள்கை எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

காகங்கள் மனித முகத்தை மறப்பதில்லை. இதையும் பின்னாளில்தான் நான் படித்தேன், ஆனால் எங்கள் சாலைக்கு அது முன்பே தெரியும். சுடும் ஆட்களுடன் அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்ட காகங்கள், அவர் எப்போது வாசலில் இறங்கினாலும் மின்கம்பியில் வரிசையாக நின்று திட்டின. சில, தலைக்கு மேல் தாழப் பறந்தன. வெயில் இல்லாத நாளிலும் அப்பா குடை விரித்துக்கொண்டே காருக்குப் போனார்.

எதிர்வீட்டு அக்கா இதற்காகவே காலையில் வாசலில் நிற்பார். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. சத்தமாகப் பேசி, சத்தமாகச் சிரிப்பார்.

"என்னக்கா, அண்ணன் மழை இல்லாமலே கொடை புடிச்சிக்கிட்டு ஓடுறாரு! காக்காவுக்கெல்லாம் நீங்க சோறு போடுறீங்க, திட்டு அவருக்கா?"

"எனக்கும் சேத்துத்தான் திட்டுதுகள் தங்கச்சி. எனக்கு விளங்குது, அவருக்கு விளங்கேல்லை."

"எனக்கு ஒன்னுதாங்க்கா வெளங்குது. நேத்து காய வச்ச கருவாடு பூரா போச்சுலா! அண்ணன்கிட்ட சொல்லி நம்ம ரோட்டையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க."

எங்கள் சாலையில் முறைப்பாடு வந்தது அவரிடமிருந்துதான், அதுவும் ஓயாமல்.

எண்பதுகளில் ஊரிலிருந்து வந்த செய்திகள் மாறின. ஒரு நாள், கொழும்பிலிருந்து ஊருக்குப் புறப்பட்ட மாமா போய்ச் சேரவில்லை என்று தெரியவந்தது. வழியில் பேருந்தை நிறுத்தினார்களாம், சிலரை இறக்கினார்களாம். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உடல் கிடைக்கவில்லை. இறந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

நான் அப்போது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவான பெரியம்மா வீட்டில் தங்கி ஒரு பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் அம்மா இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போயிருந்தார். பிறருக்குப் பரிமாறுவார், தன் தட்டில் சோற்றைப் பிசைந்து ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். அப்பா மேசையில் சுற்றறிக்கை படிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு வருடம் ஆனதும் உறவினர்கள் திதி கொடுக்க வேண்டும் என்றார்கள். போன நாள் தெரியாது என்றால் புறப்பட்ட நாளின் திதியை எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் கோவில் ஐயர் சொன்னார். அம்மா மாட்டேன் என்றார். திதி கொடுப்பது கையெழுத்துப் போடுவது போல என்றார். கடைசியில் பெரியம்மா அவரைச் சில நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து மெல்ல மெல்ல மனதை இளக்கினார். போனவன் பசியோடு அலையக்கூடாது அல்லவா என்ற ஒரு வார்த்தைக்கு அம்மா தலையசைத்தார். திதிக்கு முந்தின நாள் நானும் அம்மாவும் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினோம்.

கத்தரிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், மாமாவுக்குப் பிடித்த பாகற்காய்க் குழம்பு, வடை, பாயசம். அம்மா தன் கையாலேயே எல்லாம் சமைத்தார். ஐயர் வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். வாழையிலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து அம்மா மதிலில் வைத்தார். காகம் எடுத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது. அப்பா கூப்பிட்டால் வேலைக்காகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் கூப்பிட்டேன். மாமா கற்றுத்தராத குரலில் கூப்பிட்டேன்.

ஒரு காகமும் வரவில்லை.

மின்கம்பி வெறுமையாக இருந்தது. அங்சானா மரங்களில் சத்தமே இல்லை. வெயில் ஏறி இலை வாடத் தொடங்கியது. எறும்புகள் பாயசத்துக்கு வரிசை கட்டின. பிற்பகல் ஆகியும் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அம்மா மதிலுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். அவர் முகத்தில் இருந்ததைத் துக்கம் என்றே முதலில் நினைத்தேன்.

"அவன் சாகேல்லை," என்றார் அம்மா.

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருந்தால்தானே காகம் வராது? எங்கட வீட்டு மதிலில ஒரு நாளும் காகம் வராமல் இருந்ததே? சொல்லுங்கோ பாப்பம். அவன் எங்கையோ இருக்கிறான்."

அப்பா சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அம்மா உட்கார்ந்திருந்த பலகையை எடுத்து உள்ளே வைத்தார்.

அம்மா இலையை உள்ளே எடுத்துவந்துவிட்டு எங்களுக்குப் பரிமாறினார். தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். பாகற்காய்க் குழம்பு விட்டு இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். அப்பா தன் தட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் காகம் வரவில்லை என்பதை எதிர்வீட்டு அக்காதான் எனக்குச் சொன்னார், மறுநாள் நான் ரயிலுக்குப் புறப்படும்போது. "நீங்க இல்லாதப்போ அண்ணன் ஆளுங்களக் கூட்டியாந்து சுட்டுட்டாருலா! ஒரே சத்தம். இனி ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்னும் எட்டிப் பாக்காது. நல்ல மனுசன். என் கருவாடு பொழச்சுது." அம்மா பிரிக்பீல்ட்ஸில் இருந்த நாட்களில் எங்கள் சாலையின் முறை வந்திருக்கிறது. அவ்வளவுதான். அதில் யாருடைய திட்டமும் இருக்கவில்லை. அந்த வருடம்.

அதன் பிறகு அம்மா தேறினார். தீபாவளி வந்தால் மாமாவின் அளவுக்கு ஒரு சட்டை வாங்கி, மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். கோலாலம்பூருக்கு வரும்போது, ஊரிலிருந்து புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று கோவிலில் விசாரிப்பார். வருடம் சுற்றித் திதி வந்ததும் உறவினர்கள் கேட்காமலேயே ஏற்பாடு செய்தார். கொடுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

"கேட்டுப் பாக்கிறன்," என்றார்.

அந்த வருடமும் காகம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. ஒவ்வொரு வராத காகமும் அம்மாவுக்கு இன்னொரு வருடத்தைக் கொடுத்தது. அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வார், அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒன்று எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அம்மாவை வீட்டைவிட்டு ஓர் இரவுகூட அனுப்பப் பிரியப்படாதவர் அப்பா. திதி நெருங்கும்போது மட்டும் அவர், "உம்மட அக்காவிட்டைப் போய் நாலு நாள் நிண்டிட்டு வாருமன், பிள்ளையும் அங்கைதானே," என்பார். அம்மா மறு பேச்சில்லாமல் பையை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடுவார். அம்மா என்னோடு இருக்கும் அந்த நாட்களில் எங்கள் சாலையில் துப்பாக்கி வெடிக்கும். எதிர்வீட்டு அக்கா, வருடம் தவறாமல் தன் கருவாட்டுக்காகப் பரிந்து வரும் அண்ணனைப் பற்றித் தெரு முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்தார். திதி நிலவின் கணக்கில் வருவது. ஆங்கில மாதத்தில் அது ஒவ்வொரு வருடமும் முன்னும் பின்னுமாக நகரும். எங்கள் சாலையின் சூட்டு நாளும் அதோடு சேர்ந்து நகர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விடும்போது கேட்டேன்.

"அப்பா, திதி ஒவ்வொரு வருசமும் மாறுது. நீங்கள் எங்கட ரோட்டில சுடுற நாளும் மாறுது."

அப்பா முன்னால் போன லோரியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "எந்த ரோட்டை எந்தக் கிழமை எண்டு கொள்கையில எழுதியில்லை. முறைப்பாடு வந்த ரோட்டுக்குப் போகவேணும். முறைப்பாடு வந்தது."

"அம்மாவுக்குத் தெரிய வந்தால்?"

கார் பாலத்தில் ஏறியது. கீழே கிள்ளான் ஆறு சேற்று நிறத்தில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"உன்ர அம்மா அண்டைக்கு இரண்டாம் முறை சோறு போட்டவ. நீ பாத்தனிதானே?" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அலுவலகப் பேனாவைத் திருப்பி வைத்த மனிதர் அவர். ஒரு கோப்பிக்கும் தன் வேலையை வளைக்காதவர். அந்த ஒரு வாரத்தை மட்டும் வளைத்தார், வருடா வருடம் வளைத்தார். வேறெந்தக் கொள்கையும் அம்மாவுக்கு உதவவில்லை.

சுடுவதால் காகங்கள் குறையவில்லை என்பதும் அந்த வருடங்களில் தெளிவாகிவிட்டது. கொஞ்ச நாள் ஒதுங்கும், பிறகு வந்துவிடும். சந்தைக் கழிவு இருக்கும்வரை அவையும் இருக்கும், அதைத்தான் முதலில் அகற்ற வேண்டும் என்று அலுவலகத்தில் ஓயாமல் சொல்லிவந்தவரும் அப்பாதான். பிறகு காகங்களுக்கு உணவிட வேண்டாம் என்று பல மொழிகளில் எழுதிய பலகைகள் வந்தன. எங்கள் சாலையின் முனையிலும் ஒன்று நட்டார்கள். அதன் உச்சியில் எப்போதும் ஒரு காகம் உட்கார்ந்திருக்கும். அம்மா அதற்கும் சேர்த்துச் சோறு வைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா ஓய்வு பெற்றார். பிரியாவிடை விருந்தில் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை முன்னறையில் மாட்டினார். மாட்டும்போதே அந்த வருடத்துத் திதியைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவருடைய இடத்துக்கு வந்த அதிகாரி மரியாதை தெரிந்த இளைஞர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செய்திருப்பார். திதிக்கு முந்தின வாரம் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். காகங்கள் கம்பியில் கூடித் திட்டத் தொடங்கின. குடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். அதிகாரியாக இருந்தபோது தானே செய்துகொண்டதை இன்னொருவரிடம் சலுகையாகக் கேட்க அவரால் முடியவில்லை. அம்மாவிடம் பிரிக்பீல்ட்ஸ் போய்வரச் சொல்லவும் இல்லை.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அம்மா வழக்கம்போலச் சமைத்தார். இலையை மதிலில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூப்பிட வாயெடுக்கும் முன்பே சாலைமுனைப் பலகையின் மேல் இருந்த காகம் இறங்கி வந்தது. மதிலின் ஓரத்தில் இரண்டு தத்துத் தத்தி, தலையைச் சரித்து அம்மாவைப் பார்த்தது. பிறகு பாகற்காயை ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கொத்தி எடுத்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன.

அம்மா அசையவில்லை. நான் அப்பாவைப் பார்க்கப் பயந்தேன். இலை காலியாகும்வரை மூவரும் அப்படியே நின்றோம்.

"இந்த முறை சுடேல்லையோ?" என்று அம்மா கேட்டார். திரும்பாமல் கேட்டார்.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "நான் இப்ப அங்கை இல்லையே," என்றார்.

"ஓம். அதுதான்."

அம்மா மதிலருகே போய், காகங்கள் இழுத்துப் போட்டிருந்த இலைத்துண்டை எடுத்து மடித்தார். "பாவங்கள். இவ்வளவு காலமும் எத்தினையைச் சுட்டுப்போட்டியள்," என்றார். அதில் கோபம் இல்லை. நெடுநாள் வீட்டில் தங்கியிருந்த ஒருவரை வழியனுப்பிவிட்டு வந்தவரின் குரல் போல இருந்தது.

பிறகு, "வாங்கோ, சோறு ஆறுது," என்றார்.

அன்று அவர் ஒரு முறைதான் சோறு போட்டுக்கொண்டார், ஆனால் அதை முழுவதும் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் அழுதார். அப்பா பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தீபாவளிக்கு முன்பு, அலுமாரியின் மேல்தட்டில் இருந்த சட்டைகள் எல்லாம் எதிர்வீட்டு அக்காவின் மகன்களுக்குப் போயின.

"புதுசு மாதிரியே இருக்குதேக்கா! யாருக்கு எடுத்தது?"

"தம்பிக்கு எடுத்தது," என்றார் அம்மா. "அவனுக்கு இனி வேண்டாம்."

அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை. இரண்டாம் வருடமே தெரிந்திருக்கலாம். சாலையே பேசிய விடயம் அது. அப்பா பையை எடுக்கச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் அவர் ரயிலேறியதை நினைத்துப் பார்க்கிறேன். மாமா இருக்கிறார் என்று நம்ப ஆசைப்பட்டவர் அம்மா. அம்மா அப்படி நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அப்பா. ஒருவர் ஆசையை மற்றவர் காத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல அத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்படியொரு வீட்டில் வளர்ந்தேன் என்பதை நினைக்கும்போது, அந்த மேசைக்கு ஒரு முறை திரும்பிப் போக மாட்டோமா என்று ஏங்குகிறேன். சுற்றறிக்கையின் மலாய் வாசகமும், அம்மாவின் சிவப்பு அட்டைக் கேலியும், அப்பாவுக்குப் புரைக்கேறுவதும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

சில வருடங்களில் அப்பா போனார். எட்டாம் நாள் மதிலில் இலை வைத்தபோது எதிர்வீட்டு அக்கா என் காதில், "இதுங்க அண்ணனுக்கு வச்சத எடுக்குமா? எத்தனைய சுட்டிருக்காரு!" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார். அம்மா கேட்டுவிட்டார்.

"வரும்," என்றார்.

வந்தன. கம்பியில் வரிசையாக நின்று அவரை வாழ்நாளெல்லாம் திட்டியவை ஒரு கணமும் தயங்காமல் இறங்கின. அம்மா அவை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, "பாத்தியளே," என்று மெல்லச் சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அம்மாவும் போய்விட்டார், சிவப்பு அட்டையோடுதான். எதிர்வீட்டு அக்கா மகனோடு ஷா ஆலத்துக்குக் குடிபோனார். நான் பிரிக்பீல்ட்ஸை விட்டுக் கிள்ளான் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். சாலைமுனைப் பலகையில் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் பலகை நிற்கிறது.

சோறு வடித்ததும் முதற்பிடியை மதிலில் வைக்கிறேன். மாமாவைப் போலக் கூப்பிட எனக்கு இன்னும் வரவில்லை; கூப்பிடாமலே வருகின்றன. அந்தக் காலத்திலிருந்து இந்தச் சாலையில் இருப்பது அவையும் நானும்தான்.